வாசுவின் பெரிய டிரம்

இது நடுநிசியில் நடந்தது இல்லை. சுடுகாட்டுப் பக்கமும் இல்லை, ஆளில்லாத பங்களாவும் இல்லை. ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் ஓடும் ஒரு சந்தில், மோட்டார் சைக்கிள்கள் போய்வந்துகொண்டிருந்த பகல் வேளைகளில் நடந்தது. நம்பாதவர்கள் துளசியிடம் போக வேண்டாம். அவள் இப்போதெல்லாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பக்கத்துக் கடையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஃபஸீலாவைக் கேட்கலாம். அவளும் அங்கே இருந்தாள். அவள் காதிலும் விழுந்தது.

துளசிக்குப் பழைய டிரம் செட்டுகளைப் புதுப்பிக்கும் தொழில். பள்ளி பேண்டில் டிரம் அடித்தவள். பிறகு பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கல்யாணம் முறிந்தபோது மகளைப் புருஷன் வீட்டார் வைத்துக்கொண்டார்கள். “ராத்திரி ஷிஃப்ட் போறவ, புள்ளையக் கவனிக்கத் தெரியாதவ” என்று அவர்கள் சொன்னது நீதிமன்றத்திலும் எடுபட்டது. துளசி ஷிஃப்ட் வேலையை விட்டாள். அப்படியும் மகள் திரும்பி வரவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம், அவ்வளவுதான். மீதி நாளெல்லாம் அந்தச் சந்துக் கடையில் டிரம்களோடு கிடந்தாள்.

வேலை என்னவென்றால், பழைய டிரம்மின் மரக்கூட்டைச் சுற்றிப் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் மேலுறை ஒட்டியிருப்பார்கள். வருஷம் ஆக ஆக அது வெடித்து, சுருங்கி, நிறம் செத்துப்போகும். திருகாணிகளையும் வளையங்களையும் கழற்றி, சூடான காற்றை அடித்து இளக்கி, அந்த உறையை உரித்தெடுக்க வேண்டும். மரத்தைத் தேய்த்துச் சுத்தப்படுத்தி, பசை தடவிப் புது உறையை இழுத்து ஒட்ட வேண்டும். நிதானம் வேண்டிய வேலை. துளசிக்கு நிதானம் இருந்தது. வேறு எதுவும் பெரிதாக இல்லை.

அக்டோபர் மாதம், மழைக்காலம். ஒரு காலையில் வெள்ளை வேன் ஒன்று வாசலில் நின்றது. இறங்கியவருக்கு எழுபது வயது இருக்கும். சாயம் பூசிய தலைமுடி, மடிப்புக் கலையாத சட்டை.

“நான் வாசு. கேள்விப்பட்டிருப்பீங்களே, ஒரு காலத்துல பினாங்குல கல்யாணம்னா நம்ம பேண்ட்தான்.”

துளசி கேள்விப்பட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜப்பானில் செய்த பழைய செட். நான்கு டிரம். சின்ன டிரம்கள் மூன்றையும் அவரே இறக்கி வைத்தார். காலால் அடிக்கிற பெரிய டிரம் மட்டும் வேனுக்குள் தன் வட்டப் பெட்டியில் இருந்தது. கறுப்பு அட்டைப் பெட்டி, கனமான மூடி, குறுக்கே ஒரு தோல் வார். அதன் பக்கம் அவர் போகவே இல்லை.

“அத நீங்க எடுத்துக்குங்கம்மா. எனக்கு இடுப்பு வலி.”

துளசி தூக்கினாள். முடியவில்லை. இப்படிப்பட்ட டிரம்மை ஒரு கையால் தூக்கிப் பழகியவள் அவள். இதற்கு இரண்டு கையும் போட்டு, முழங்காலால் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

“உள்ள என்ன அங்கிள் இருக்கு?”

“ஒண்ணுமில்ல.” சட்டென்று வந்தது பதில். “வெள்ளை முத்துக் கலர் ஒட்டுங்க. வெளிய மட்டும். உள்ள ஒண்ணும் பண்ண வேணாம். சுங்கை பட்டாணியில ஒருத்தரு வாங்குறாரு.”

அவர் போன பிறகு துளசி பெட்டியைத் திறந்தாள். டிரம் மட்டும்தான் இருந்தது. முன்பக்கத் தோல் இல்லை, திறந்த வாய் மாதிரி இருந்தது. பழைய டிரம்மர்கள் சத்தம் அடங்குவதற்காக அப்படிக் கழற்றிவிட்டு உள்ளே துண்டோ தலையணையோ வைப்பார்கள். வெளியே எடுத்தாள். ஒரு கையிலேயே வந்துவிட்டது.

பெட்டிதான் கனம் போலிருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

வெறும் அட்டை. காற்றாக இருந்தது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கிய விதம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். சின்ன டிரம்களின் உறையை உரிக்க இரண்டு நாள் பிடித்தது. மூன்றிலும் ஒரே உறை, நீலத்தில் ஜிகினா தூவினது. பெரிய டிரம்மிலும் அதே நீலம்தான். காற்றைச் சூடாக அடித்து நுனியைத் தூக்கினாள். அடியில் மரம் வரவில்லை. சிவப்பு உறை ஒன்று வந்தது. சிவப்பை உரித்தால் அடியில் கறுப்பு. கறுப்புக்குக் கீழேதான் மரம்.

ஒரே செட்டில் ஒரு டிரம்முக்கு மட்டும் ஏன் மூன்று சட்டை? அவளுக்கு விளங்கவில்லை. வாசுவுக்கு ஃபோன் போட்டாள்.

“வித்தேன், வாங்கினவங்க திருப்பிக் கொடுத்துட்டாங்க,” என்றார்.

“ஏன் அங்கிள்?”

“சத்தம் சரியில்லையாம். எல்லாம் அரைகுறைங்க.” வைத்துவிட்டார்.

சத்தம் சரியில்லை என்றால் எவனும் டிரம்மின் நிறத்தை மாற்ற மாட்டான். அடுத்தவன் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்றால்தான் மாற்றுவான். இது துளசிக்கு அப்போதே தோன்றியது. ஆனாலும் வேலையை ஏற்றுக்கொண்டாயிற்று.

மறுநாள் மத்தியானம் சின்ன டிரம்களின் மரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தூசி பறக்கும். அதனால் உறை உரித்த பெரிய கூட்டைத் துடைத்து, பெட்டியில் வைத்து, மூடியைப் போட்டு வாரை இழுத்து மாட்டினாள்.

கொஞ்ச நேரம் போயிருக்கும்.

டொக்.

எலி என்று நினைத்தாள். ஆயர் ஈத்தாமில் இருக்கும் அவள் வீட்டிலேயே எலி உண்டு, இந்தப் பழைய கடையில் இருக்காதா? தேய்ப்பதைத் தொடர்ந்தாள்.

டொக் டொக்.

எலி ஓடும், கொறிக்கும். இது ஓடவில்லை. ஒரே இடத்திலிருந்து வந்தது. மெத்தென்ற, பலம் இல்லாத தட்டல். விரல் முட்டியை மடக்கித் தட்டுகிற மாதிரி... அதுவும் பெரிய விரல் இல்லை.

துளசி எழுந்து போய் வாரைக் கழற்றினாள். மூடியைத் தூக்கினாள். கூடு சும்மா இருந்தது. எலியும் இல்லை, பல்லியும் இல்லை. கையை உள்ளே விட்டுத் தடவினாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

மரம் சூடாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் ஆவி படியுமே, அந்த மாதிரி ஈரம். உள்சுவரில் ஒரே ஒரு இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு.

துடைத்தாள். காய்ந்துவிட்டது. மூடியைத் திரும்பப் போடும்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். பெட்டி ஐம்பது வருஷப் பழசு. ஆனால் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு புதுசு. ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். கறுப்பு அட்டையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். நிறையக் கோடுகள். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே இடத்தில்.

ஸ்பாஞ்சை அப்படியே அமுக்கி ஒட்டிவிட்டாள். அதற்கு மேல் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் புது உறையை ஒட்டினாள். இந்தப் பசையை இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, சேர்த்து அழுத்தினால் பிறகு பிரிக்கவே முடியாது. உருளையால் மேலும் கீழும் அழுத்தினாள். நுனியும் நுனியும் சேர்கிற இடத்தைக் கவ்விகளால் பிடித்தாள். பெட்டியில் வைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து பார்த்தால் சேர்ந்த இடம் விரிந்திருந்தது. கவ்விகள் தரையில் கிடந்தன. தோல் வார் மாட்டினபடியே இருந்தது.

திரும்ப ஒட்டினாள். மறுநாளும் அதே கதை.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஃபஸீலா கடையை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தோடு துளசியிடம் வந்து உட்கார்ந்தாள். மழை கொட்டியது. சந்தில் தண்ணீர் ஏறியது. திடீரென்று மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றி, சுற்றி... நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

“அக்கா,” என்றாள் ஃபஸீலா. “உள்ள யாரு?”

“யாருமில்லயே.”

“யாரோ தட்டுறாங்கக்கா.”

துளசி கேட்காத மாதிரி இருந்தாள். ஆனால் அவளுக்கும் கேட்டது.

டொக் டொக். டொக் டொக்.

முன்பு மாதிரி மெல்ல இல்லை. வேகமாக இருந்தது. அவசரமாக இருந்தது.

ஃபஸீலா எழுந்து நின்றாள். அவள் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. கையில் இருந்த பொட்டலம் கீழே விழுந்தது.

பெட்டி அசைந்தது.

மூடி ஓரத்தில் கொஞ்சம் உயர்ந்தது. வார் இழுத்துப் பிடித்தது. மூடி விழுந்தது.

மறுபடி உயர்ந்தது.

விழுந்தது.

“வாங்கக்கா... வெளிய போயிரலாம்லா... அக்கா!”

துளசிக்கு ஓட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அந்தத் தட்டல்... அது பயமுறுத்துகிற தட்டல் இல்லை. கதவைத் திறக்கச் சொல்லுகிற தட்டல். பிள்ளை பெற்றவளுக்கு அது தெரியும்.

அவள் பெட்டியின் பக்கம் போனாள்.

தட்டல் பலம் குறைந்துகொண்டே வந்தது.

டொக்.

...டொக்.

வாரின் கொக்கி வழுக்கியது. ஒருமுறை. இரண்டுமுறை. கழன்றது.

தூக்கினாள்.

மூச்சு.

நீளமான ஒரு மூச்சு.

வெளியே விட்ட மூச்சு இல்லை. உள்ளே இழுத்த மூச்சு. தண்ணீருக்குள் முங்கி எழுந்தவர்கள் இழுப்பார்களே, அப்படி. துளசியின் நெற்றி முடி பெட்டியை நோக்கிப் பறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

ஃபஸீலா அழுதுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு துளசி அந்தப் பெட்டியை மூடவே இல்லை. ஃபஸீலா டிரம்மைச் சந்தில் தூக்கி வைக்கச் சொன்னாள், பள்ளிவாசலில் யாரையாவது கூட்டிவருவதாகவும் சொன்னாள். துளசி வேண்டாம் என்றுவிட்டாள். மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். வாசல் கதவைத் திறந்து வைத்து வேலை பார்த்தாள். ஒரு சத்தம் இல்லை. பசை பிடித்தது. விரிந்த நுனிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கோடுகூடத் தெரியாமல் நின்றன. அவள் கையால் செய்ததிலேயே அழகான வேலை அதுதான் என்று ஃபஸீலா இன்றைக்கும் சொல்லுவாள். வெள்ளை முத்து நிறத்தில், வாசலில் விழுந்த வெயிலில், அந்த டிரம் கல்யாணப் பெண் மாதிரி இருந்ததாம்.

சனிக்கிழமை வாசு வந்தார். தூறிக்கொண்டிருந்தது. டிரம்மைச் சுற்றி வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு சுவரில் சாய்ந்திருந்த மூடியைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே இறுகிவிட்டது.

“மூடி ஏன் அங்க இருக்கு?”

“மூட வேணாம் அங்கிள். தொறந்தே கொண்டு போங்க.”

“மழையில எப்படிம்மா தொறந்து கொண்டு போறது?”

“வேன் உள்ளதான வைக்கப் போறீங்க?” துளசி அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “உள்ள யாரு?”

வாசு கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஃபஸீலா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாம் என் பொண்டாட்டியால வந்தது,” என்றார் கடைசியில். “புள்ளைய ஒழுங்காக் கவனிக்கல. அவ்வளவுதான் விஷயம். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

கவனிக்கல. அந்தச் சொல் துளசிக்குப் பழக்கமான சொல். நீதிமன்றத்தில் கேட்டது, மாமியார் வாயில் கேட்டது, மகள் வாயிலேயேகூட ஒருமுறை கேட்டது.

“இதுக்கு மூணு சட்ட மாத்தி வித்தீங்க. இப்ப நாலாவது. வாங்குறவங்ககிட்ட சொல்லுவீங்களா?”

“உங்க வேல ஒட்டுறது. ஒட்டியாச்சு. போதும்லா.”

மூடியை எடுத்தார். டிரம்மைப் பெட்டியில் இறக்கி மூடினார். வாரை இழுத்தார், ஒரு துளை தள்ளி இறுக்கமாக மாட்டினார். இடுப்பு வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவரே உருட்டிக்கொண்டு போய் வேனில் ஏற்றினார். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக ரேடியோவைப் போட்டார். முழுச் சத்தத்தில். வேன் சந்து திரும்பிய பிறகும் அந்தப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

துளசி தடுக்கவில்லை. எந்த உரிமையில் தடுப்பாள்? டிரம் அவருடையது. பிள்ளையும் அவருடையது.

பத்து நாள் கழித்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த தலை, கையில் ஒரு குடை. தன் பெயர் தனலெட்சுமி என்றார். வாசுவின் மனைவி.

துளசி நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஃபஸீலா சூடாக ஒரு கிளாஸ் தே போட்டுக் கொண்டுவந்து, போகாமல் அங்கேயே நின்றாள்.

வாசு ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார் அந்த அம்மா. அன்றைக்குச் சுங்கை பட்டாணிக்குப் போய்ச் சேரவே இல்லை. கடல் பாலத்தின் நடுவில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாராம். போலீஸ்காரர்கள் வந்து கதவைத் திறந்தபோது, ரேடியோ அலறிக்கொண்டிருந்ததாம். டிரம் பெட்டியில் இருந்தது. வாரும் மாட்டினபடி இருந்தது. மூடியை மட்டும் காணோம். வேனின் கதவும் கண்ணாடிகளும் அடைத்தபடி இருந்தன. மூடி எங்கே போனதென்று இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

“பேச்சு வரலம்மா. ஆனா டிவியையோ ரேடியோவையோ அணைச்சா மட்டும் கத்துறாரு. அணைக்கவே விட மாட்டேங்கிறாரு.”

“உங்க புள்ள...” என்று ஆரம்பித்தாள் துளசி.

“காமினி. மூணு வயசு.” அந்த அம்மாவே சொன்னார். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த குரல். “கடலுக்கு அக்கரையில, பட்டர்வொர்த்துல ஒரு கல்யாணம். நான் பேண்டுல பாடுவேன். விருந்து முடிய நேரமாயிருச்சு. புள்ள தூக்கம் வந்து, டிரம்முக்குள்ள வச்சிருந்த தலகாணியில போய்ப் படுத்துக்கிச்சு. யாரும் பாக்கல. மண்டபத்துல லைட்ட அணைச்சிட்டாங்க, பேண்ட் பசங்க இருட்டுலயே டிரம்ம அள்ளிப் பெட்டியில வச்சு மூடிட்டாங்க. கனமா இருந்திச்சாம். டிரம் நகராம இருக்க அவரு உள்ள கல்லு வைப்பாரு, அதுதான்னு நெனச்சிட்டாங்க. மழைன்னு மேல பிளாஸ்டிக் வேற சுத்திக் கட்டினாங்க. நானும் அவரும், புள்ள என் தங்கச்சி கார்ல போயிருச்சுன்னு நெனச்சோம்.”

ஃபஸீலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“முப்பத்தி ரெண்டு வருஷமா ஊரு பூரா அவரு சொன்னது ஒண்ணுதான். பெத்தவ கவனிக்கல. நானும் ஆமான்னு இருந்துட்டேன். என் தங்கச்சிகூட அதுக்கப்புறம் என்கிட்ட பேசுறதில்ல.”

தே ஆறிப்போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா குடையின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“எனக்குக் கேட்டுச்சும்மா. அதச் சொல்லத்தான் வந்தேன். இத யார்கிட்டயும் சொன்னதில்ல. வேன் ஃபெரியில ஏறுது. நான் முன்சீட்ல உக்காந்திருக்கேன். பின்னால தட்டுற சத்தம். என்னங்க, பின்னால யாரோ தட்டுறாங்கன்னு சொன்னேன். டிரம்ம மிதிக்கிற பெடல் லூசா கெடக்கு, உருளுதுன்னாரு. இல்லங்க, எறங்கிப் பாருங்கன்னேன். மழையில எறங்கச் சொல்றியான்னு கத்திட்டு, ரேடியோவ பெருசா வச்சிட்டாரு.”

“நீங்க?”

“சும்மா இருந்துட்டேன்.”

வெளியே ஒரு மோட்டார் போனது.

“எவ்வளவு நேரம்மா தட்டிச்சு?” துளசி கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது.

“பாட்டுக்கு மேலயும் எனக்குக் கேட்டுச்சு. ஃபெரி இந்தப் பக்கம் கரைய முட்டுற வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் நின்னுருச்சு.”

தனலெட்சுமி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அவரு ரேடியோவ அணைச்சிட்டு என்னத் திரும்பிப் பாத்தாரும்மா. சிரிச்சாரு. பாத்தியா, பெடல் ஒழுங்கா உக்காந்துருச்சுன்னாரு.”